எந்த வயலுக்கு மருந்து?

உரமும் பூச்சி மருந்தும் விற்கிற பாய் கடையைத் தாண்டிச் சைக்கிளில் போகும்போது ஒரு வார்த்தையாவது வம்புக்கு இழுக்காமல் நான் போனதில்லை. அன்றைக்கு அவரே வாசலுக்கு வந்து கைதட்டிக் கூப்பிட்டார். வைகாசி வெயில். காரைக்கால் கடைத்தெருவில் நாய்கூட நிழலை விட்டு நகரவில்லை.

"என்ன பாய், கடையில ஈ மொய்க்குதா? ஒங்ககிட்டதான் மருந்து இருக்கே, அடிச்சு வுடுங்க" என்றேன்.

"சைக்கிள நிறுத்திட்டு உள்ள வா தம்பி."

குரல் வேறு மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டுப் போனேன்.

"காலையில ஒங்க மச்சான் வந்தாரு."

பாய் வீட்டுப் பேச்சில் மச்சான் என்பவர் எங்கள் பேச்சில் அத்தான். என் அக்காவின் புருஷன். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாதவர். கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வருவதற்கே மாட்டேன் என்கிற மனுஷன், நெடுங்காட்டுப் பக்கத்திலிருந்து பஸ் ஏறித் தனியாகக் காரைக்கால் வந்தார் என்றதும் எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"பரவால்லையே! என்ன வாங்கினாரு?"

"மருந்து கேட்டாரு. எந்த வயலுக்கு மருந்துன்னு கேட்டேன். தரையப் பாத்துக்கிட்டே நிக்கிறாரு."

அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. வைகாசியில் எங்கள் பக்கத்து வயல்களில் பச்சை என்று ஒன்று இருக்காது. உளுந்தும் பயறும் எடுத்து முடிந்து மண் வெடித்துக் கிடக்கும். ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்காரர்களான எங்களிடம் வந்து சேர ஆனி ஆகிவிடும். பயிரே இல்லாத மாதத்தில் ஒரு விவசாயி பயிருக்கு மருந்து கேட்கிறார்.

"சரக்கு வரலே, அடுத்த வாரம் வாங்கன்னுட்டேன். பொய்தான், அல்லா மன்னிக்கட்டும். எனக்குப் பின்னாடி அலமாரி நெறைய அடுக்கியிருக்கு. அதை அவரும் பாத்தாரு. பாத்துட்டு, சரிங்க பாய்னுட்டுப் போயிட்டாரு."

எங்கள் ஊரில் மருந்து என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லா வேலையையும் பார்த்துவிடுவோம். பயிருக்கு அடிப்பதும் மருந்து. காய்ச்சலுக்குச் சாப்பிடுவதும் மருந்து. ஆகாதவர்கள் சோற்றில் கலந்து வைத்துவிட்டதாகச் சொல்வதும் மருந்து. ஆனால் இன்னார் மருந்து குடித்துவிட்டார் என்று காதில் விழுந்தால் மட்டும் யாரும் எந்த மருந்து என்று கேட்பதில்லை. ஓடுவார்கள்.

அத்தானை எனக்கு அக்காவைப் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து தெரியும். அக்கா புருஷனைக் கேலி பண்ணுவது மச்சினனுக்குப் பிறப்புரிமை. அதை நான் ஒரு நாளும் விட்டுக் கொடுத்ததில்லை. முதல் விருந்துக்கு வந்தபோது அவருடைய பாயசத்தில் மட்டும் உப்பை அள்ளிப் போட்டேன். அவர் முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "ஒங்க வீட்டுல கஞ்சியத்தான் பாயசம்னு சொல்லுவீங்களா?" என்று என் அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னை விளக்குமாற்றோடு துரத்தினாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு 'அரை வாத்தியார்' என்று ஊருக்குள் பட்டம் கட்டிவிட்டவரும் அவர்தான். நான் அவருக்குக் கட்டிய பட்டங்களை இங்கே எழுத முடியாது. அக்கா படிப்பாள்.

அவர் கால் போனது சேற்றில். நடவுக்கு முன்னால் வயலைக் கலக்குவதற்கு வாடகை டிராக்டர் வந்திருந்தது. சேற்றில் புதையாமல் ஓடுவதற்காக அதற்கு இரும்புச் சட்டம் வைத்த சக்கரம் மாட்டுவார்கள், கேஜ்வீல் என்போம். அதில் சுற்றிக்கொண்ட கோரையைப் பிடுங்க அத்தான் குனிந்தார். வண்டி நகர்ந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். காலை எடுத்துவிட்டார்கள்.

புண் ஆறியதும் கட்டையோடு நடக்கப் பழகினார். தெருவில் நடந்தார், களத்தில் நடந்தார். எல்லோரும் நிம்மதியானோம். அடுத்த நடவுக்குச் சொந்த வயலில் இறங்கினார். ஊன்றிய கட்டை ஊன்றியபடியே சேற்றுக்குள் போய்க்கொண்டே இருந்தது. வயலுக்குள் விழுந்தார். வரப்பில் நின்ற நாங்கள் ஓடிப் போய்த் தூக்கினோம். வாய்க்காலில் அவரே சேற்றைக் கழுவிக்கொண்டார். வீட்டுக்கு வந்து படுத்தவர்தான். பேச்சு நின்றது, சாப்பாடு குறைந்தது. வாசற்கதவுக்கு நேராகக் கட்டிலைப் போட்டு, எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகையைப் பார்த்தபடி கிடப்பார்.

ஊரும் அவரிடம் பேசும் விதத்தை மாற்றிக்கொண்டது. வருகிறவர்கள் அவர் கட்டிலை ஒட்டி நின்றுகொண்டே அக்காவிடம், "அவுங்க சாப்புட்டாங்களா? தூங்குறாங்களா?" என்று மெல்லிய குரலில் கேட்பார்கள். காலை எடுத்தபோது காதையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள் என்பது போல. கேலி பேசி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அவருடைய சேக்காளிகள் யாரும் இப்போது வாயைத் திறப்பதில்லை. நான் மட்டும் விடாமல் சீண்டிப் பார்த்தேன். சிரிக்க வேண்டாம், கோபப்பட்டு அந்தக் கட்டையை என்மேல் வீசியிருந்தால்கூட வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். சுவரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

குடிக்கிறவராக இருந்தால் ஊருக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். சாராயம் மலிவு என்று தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டுப் போகிற ஊர் எங்களுடையது. அத்தான் அந்தப் பக்கமே போனதில்லை. அதனால் அவருடைய அம்மா, எனக்கு அத்தை, ஏழரைச் சனி என்று முடிவு கட்டினாள். திருநள்ளாறு பக்கத்தில் இருக்கும்போது வேறு என்ன தோன்றும்? கூட்டிக்கொண்டு போய் எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுக்காட்டி, எள் விளக்குப் போட்டுவிட்டு வந்தோம்.

வரும் வழியில் நான் சும்மா இருக்கவில்லை. "ஏன் அத்தை, சனீஸ்வரனுக்கும் ஒரு கால் நொண்டின்னுதானே சொல்றாங்க? நம்ம ஆளுன்னு தெரிஞ்சுமா புடிப்பாரு? சும்மா நலம் விசாரிக்க வந்திருப்பாரு."

"ஒன் நாக்குல தீய வைக்க! கோயிலுக்குப் போயிட்டு வர்ற வாயா இது?" என்று அத்தை என் முதுகில் போட்டாள். அக்கா தலையைத் திருப்பிச் சிரித்தாள். அத்தான் பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனி நகரவில்லை என்றதும் அத்தை அடுத்ததற்குப் போனாள். யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள். அதை எடுக்கிற ஆள் ஒருவனிடம் கூட்டிப் போய், ஏதோ பச்சிலைச் சாற்றைக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்கள். மண்டி போட முடியாத மனுஷன், அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு பொழுது சாயும்வரை வாந்தி எடுத்தார். அன்றைக்கு எனக்கு எந்தக் கேலியும் வரவில்லை.

இதற்குப் பிறகுதான் அவர் பஸ் ஏறிப் பாய் கடைக்குப் போனது.

"மத்தக் கடைக்காரங்ககிட்ட சொல்லிட்டேன், குடுக்க மாட்டாங்க" என்றார் பாய். "ஆனா நெடுங்காட்டுலயும் கடை இருக்கு, திருநள்ளாத்துலயும் இருக்கு. எல்லா எடத்துக்கும் நான் ஓட முடியுமா? நீ வூட்டப் பாரு. பெரியாஸ்பத்திரிக்குப் பாண்டிச்சேரியிலேருந்து மனசுக்குப் பாக்குற டாக்டரு ஒருத்தர் வர்றாரு. அவருகிட்ட கூட்டிட்டுப் போ."

"பைத்தியத்துக்குப் பாக்குறவரா?"

"எங்க ராத்தா பைத்தியமா?" என்று திருப்பிக் கேட்டார். அவருடைய மூத்த சகோதரியை எனக்குத் தெரியும். என்னை எப்போது பார்த்தாலும் போண்டா கொடுப்பவர். "புள்ள பெத்த பொறவு யார் மூஞ்சியும் பாக்காம, புள்ளையையும் தொடாம கெடந்தாங்க. ஜின்னு புடிச்சிருக்குன்னு ஓதிப் பாத்தோம், தண்ணி மந்திரிச்சுக் குடுத்தோம். கடைசியில அங்கதான் காட்டினோம். இப்ப எப்படி இருக்காங்க, நீயே சொல்லு."

நான் மிதித்த மிதியில் சைக்கிள் சங்கிலி வழியில் கழன்றது. மாட்டிக்கொண்டு மறுபடி மிதித்தேன். அத்தான் கட்டிலில்தான் இருந்தார். போன பங்குனியில் உளுந்துக்கு அடித்தது போக மிச்சம் இருந்த மருந்து டின் அவர்கள் வீட்டுக் கொட்டகைப் பரணில் வைக்கோலுக்குப் பின்னால் இருந்தது. அதை அவர் மறந்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். ஏணி ஏறினால் ஒழிய எட்டாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, அக்காவைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னேன்.

அக்கா அழவில்லை. கிணற்று மேடையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு நாளா என்னைப் பக்கத்துல ஒக்காரச் சொல்றாங்கடா. ஒனக்கு ரொம்பக் கஷ்டம் குடுத்துட்டேன்னாங்க. சரியாயிட்டு வருதுன்னு நெனச்சு, அத்தைகிட்டகூட சொல்லிச் சந்தோஷப்பட்டேன்."

டாக்டர் வருகிற நாளில் அத்தானைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, கட்டையைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு நானே கூட்டிப் போனேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் எங்கள் முறை வந்ததும் நான் வழக்கம் போல முந்திக்கொண்டு கால் போன கதை, சனி, வாந்தி எல்லாவற்றையும் எடுத்து விட்டேன். டாக்டர் கையை உயர்த்தினார்.

"தம்பி, ஒடம்பு சரியில்லாதது ஒங்களுக்கா, அவருக்கா?"

"அவருக்குத்தாங்க."

"அப்ப அவர் பேசட்டும்."

பிறகு நாற்காலியை இழுத்து அத்தானுக்கு எதிரே போட்டுக்கொண்டு, சாப்பிட்டீங்களா என்று கேட்பது போலக் கேட்டார். "செத்துப் போயிடலாம்னு தோணுதாங்க?"

அப்படி ஒரு கேள்வியை எங்கள் வீட்டில் யாராவது கேட்டால் வாயில் அடிப்பார்கள். கேட்டால் நடந்துவிடும் என்று பயம்.

"தோணுது" என்றார் அத்தான். அவ்வளவு நாள் பேசாத குரல் கரகரத்தது.

"எப்பலேருந்து?"

"தண்ணி தொறக்கப் போறாங்கன்னு பேச ஆரம்பிச்சதுலேருந்து." கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தண்ணி வந்தா எல்லாரும் எறங்குவாங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கணும். போன வருஷம் பாத்தேன். இன்னொரு வருஷம் என்னால முடியாது."

ஊரில் எல்லோரும் அவர் காலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். தண்ணீரைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. கடைமடையில் தண்ணீர் வருகிறது என்ற செய்திக்குப் பயப்படுகிற ஒரு விவசாயி இருப்பார் என்று எப்படித் தோன்றும்? வெடி போட்டு, பூ தூவி அல்லவா வரவேற்போம்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். உடனே பலன் தெரியாது, வாரக் கணக்கில் ஆகும், தூக்கம் வரும், நிறுத்தாதீர்கள் என்றார். தனியாக விடாதீர்கள் என்றார். அந்த நினைப்பு இருக்கிறதா என்று பயப்படாமல் கேளுங்கள், கேட்பதால் கெட்டது ஒன்றும் நடந்துவிடாது என்றார். திரும்பும்போது கேரியரிலிருந்து, "மாப்ளே, மெதுவா மிதி" என்ற குரல் வந்தது. நான் மெதுவாகத்தான் மிதித்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் இன்னும் குறைத்தேன்.

மாத்திரை தொண்டையில் இறங்கவில்லை என்று அத்தான் சொன்னதால் அத்தை அதைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பாள். ஒரு நாள் பகலில் அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, தெருவில் போன பெண் ஒருத்தி, "என்ன பெரியம்மா, அண்ணன் இந்த நேரத்துல கெடக்குறாங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"மருந்து குடிச்சுட்டுக் கெடக்குறான்" என்றாள் அத்தை, சாவகாசமாக, முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே.

அந்தப் பெண் போட்ட கூச்சல் வாய்க்கால் வரைக்கும் கேட்டது. நான் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தேன். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போவதற்குள் ஊரில் பாதி வீட்டு முன்னால் கூடியிருந்தது. அத்தானை வாசலில் கிடத்தி ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஒரு செம்பு நிறைய சாணியைக் கரைத்து வைத்துக்கொண்டு அவர் வாயைப் பிளக்கப் பார்த்தார். மருந்து குடித்தவருக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் வைத்தியம். அது கூடவே கூடாது, மூச்சுக்குழாயில் போய் ஆளே போய்விடுவார் என்று பிற்பாடு டாக்டர் சத்தம் போட்டார். அத்தானுக்குத் தூக்க மயக்கத்தில் நாக்குக் குழறியது. அது பார்ப்பதற்கு இன்னும் மோசமாக இருந்தது. அத்தை தலையில் அடித்துக்கொண்டு, "டாக்டரு குடுத்த மருந்துடா பாவிகளா" என்று கத்தியது அந்த இரைச்சலில் யார் காதிலும் ஏறவில்லை.

"விடுங்கய்யா! அது தூக்க மாத்திரை மாதிரி! ஆஸ்பத்திரி மருந்து!" என்று நான் உள்ளே புகுந்தேன்.

"சீ, போடா அந்தாண்ட! உசுரு போற நேரத்துலயுமாடா ஒனக்கு வெளையாட்டு?" என்று ஒருவர் என்னை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். போய் முருங்கை மரத்தில் மோதி விழுந்தேன். சத்தியமாகத்தான் சொல்கிறேன் என்று கத்தினேன். ஊரில் என் சத்தியத்துக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

செம்பு வாய்க்கு வந்துவிட்டது. அத்தான் கண்ணைத் திறந்தார். செம்பைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"யோவ்... ஒன் மாட்டுச் சாணியாய்யா?"

எதிர்வீட்டுக்காரர் திகைத்துப் போய் ஆமாம் என்று தலையாட்டினார்.

"அந்தச் செவலை நேத்துலேருந்து கழியுது. மொதல்ல அதுக்கு வைத்தியம் பாரு, போ."

பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விட்டன. யாரோ முதலில் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு, சாணிக் கையோடு அத்தானைக் கட்டிக்கொண்டு, "நீ போயிட்டேன்னு நெனச்சேன்யா" என்று விம்மி விம்மி அழுதார். காலை எடுத்த நாளிலிருந்து அவர் அத்தானிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மறுநாள் அத்தான் மறுபடி படுத்துவிட்டார். அதற்கு மறுநாள் எழுந்து உட்கார்ந்தார். சில நாள் பேசுவார், சில நாள் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார். அக்கா மட்டும் டாக்டர் சொன்னபடி தினமும் கேட்டாள். "இன்னைக்கு அந்த நெனப்பு இருக்காங்க?" என்பாள். சில நாள் இருக்கு என்பார். அன்றைக்கு நாங்கள் யாராவது ஒருவர் வேலைக்குப் போகாமல் அவர் பக்கத்தில் இருப்போம். எதிர்வீட்டுக்காரரும் முறை எடுத்துக்கொண்டார். அவர் வந்தால் செவலையின் வயிற்றைப் பற்றியே பொழுது முழுக்கப் பேச்சு.

தண்ணீர் வந்தது. நாற்றங்காலில் நாற்று எழும்பியது. நாற்றுப் பறிக்கிற அன்றைக்கு அத்தான் வாசலில் கிடந்த பழைய மாட்டுத்தொட்டிப் பலகையை எடுத்து வரச் சொன்னார். வரப்பிலிருந்து அதை நாற்றங்காலுக்குள் தள்ளி, அதில் இறங்கி உட்கார்ந்து, ஒற்றைக் காலால் உந்தி உந்தி நகர்ந்துகொண்டு நாற்றைப் பறித்தார். நின்றுகொண்டு பறிப்பவர்களின் வேகம் இல்லை. பறித்த நாற்றை முடி முடியாகக் கட்டும்போது முதுகு வலிக்கிறது என்று இரண்டு தரம் வரப்பில் படுத்தார். நடவுக்கும் உழவுக்கும் அவரால் இறங்க முடியாதுதான், பலகை அதற்கு உதவாது. வரப்பில் போன எதிர்வீட்டுக்காரர், "என்னய்யா, மகாராஜா பல்லக்குல போறாப்ல இருக்கு!" என்றார்.

"தூக்குறதுக்கு ஆள் இல்லாத பல்லக்கு. நீ வர்றியா?" என்றார் அத்தான்.

ஆவணி கடைசியில் பயிரில் புகையான் பூச்சி விழுந்தது. வயல் நடுவில் வட்டம் வட்டமாகக் கருகிக்கொண்டு வந்தது. அடிக்காமல் விட்டால் முழுசும் போய்விடும். அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினாள். எனக்கும் தெரியும். இதை அவரிடம் யார் சொல்வது, வாங்கி வந்து எங்கே ஒளிப்பது என்று நானும் அவளும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தோம்.

"மாப்ளே" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. போனேன்.

"புகையானுக்கு அடிச்சாவணும். நாளைக்குக் காலையில பாய்கிட்ட வாங்கிட்டு நேரா வயலுக்குப் போயிடு. மிச்சம் இருந்தா அன்னைக்கே கொண்டுபோய்ப் பாய்கிட்டயே குடுத்துடு. எங்க வைக்கிறேன்னு என்கிட்ட சொல்லாதே. வீட்டுல வைக்கவே வேணாம்."

"ஏன் அத்தான், இப்பதான் நல்லா இருக்கீங்களே."

"நல்லா இருக்கேன். அதான் இப்பவே சொல்றேன்."

மறுநாள் கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு வயல் முழுக்க நான் அடித்தேன். அவர் காற்றுக்கு எதிர்ப்பக்கம், தூரத்து மடையில் உட்கார்ந்து, இந்த மூலையை விட்டுவிட்டாய், அந்தப் பாத்தியில் இன்னொரு நடை போ என்று கத்திக்கொண்டிருந்தார். அடித்து முடித்துக் கையைக் கழுவியபோது டின்னில் அடிமண்டியாகக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மூடியை இறுக்கிச் சாக்கில் சுற்றினேன்.

"பாய் கடை சாத்திடப் போறாரு" என்றார் அத்தான். "கெளம்புடா."